காவலும் களவும் – 11: தண்ணீர் போன நாடும் சீட்டுப் போன நாடும்

தேசகாவல் என்ற நாட்டுக் காவலும் தலக்காவல் என்ற ஊர்க் காவலும் எப்படிப் பறிபோயின என்பதைச் சென்ற இதழில் பார்த்தோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கும்பினி அரசு காவல் மானியங்களில் கை வைத்துவிட்டது. 1816ல் கிராம முன்சீப்பையும் தலையாரியையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 1859ல் சென்னை மாகாணத்துக்கென்று போலீஸ் சட்டம் வந்தது. சட்டப் புத்தகத்தின்படி பார்த்தால் பழைய காவல் அத்தோடு தீர்ந்தது. மதுரைச் சீமையில் அது தீரவில்லை. அறுப்பு முடிந்ததும் களத்தில் காவல்காரருக்கு நெல் அளந்து போடுகிற வழக்கம் அந்த நூற்றாண்டின் கடைசிவரை பல ஊர்களில் நடந்துகொண்டே இருந்தது.

அது ஏன் நீடித்தது என்பதை மாடு பறிகொடுத்த ஒரு சம்சாரியின் இடத்தில் நின்று பார்த்தால்தான் விளங்கும். விடிந்து தொழுவத்துக்குப் போனால் கட்டுத்தறி வெறுமையாகக் கிடக்கிறது. ஒரு சோடி உழவு மாடு என்பது அவருக்கு அந்த வருஷத்து விதைப்பு, அடுத்த வருஷத்துக் கடன், மகள் கல்யாணம் எல்லாம்தான். பழைய ஏற்பாட்டில் அவர் நேரே காவல்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். தடம் பார்த்து மாட்டை மீட்டுத் தருவது காவல்காரர் பொறுப்பு. மீட்க முடியாவிட்டால் விலையைக் கட்ட வேண்டியதும் அவர்தான். புதிய ஏற்பாட்டில் சம்சாரி பல மைல் நடந்து ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். அங்கே இருக்கிற கான்ஸ்டபிள் வெளியூர்க்காரர். எந்தத் தடம் எந்த ஓடை வழியாக எந்த மலையடிவாரத்துக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாது. மாடு கிடைக்காமல் போனாலும் அவர் சம்பளத்தில் ஒரு காசு குறையப்போவதில்லை. களவுக்கு ஈடு கட்டுகிற பொறுப்பை எடுத்துவிட்டு, களவை எழுதிவைக்கிற பொறுப்பை மட்டும் அரசு ஊருக்குக் கொடுத்தது. காவல் முறை மாறியதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இதற்குப் பின்னால் வந்த பல கேடுகளுக்கும் இதுவே தொடக்கம்.

பழைய காவலை நான் உயர்த்திப் பேச வரவில்லை. அதற்குள்ளேயே மிரட்டலும் இருந்தது. காவல் கொடுக்க மறுத்த ஊரில் மாடு காணாமல் போகும். பிறகு யாரோ ஒருவர் தூது வருவார். துப்புக்கூலி என்று ஒரு தொகையைக் கொடுத்தால் மாடு இன்ன இடத்தில் கட்டிக் கிடக்கிறது என்று தகவல் வரும். பணம் கைமாறிய மறுநாள் மாடு கிடைத்துவிடும். மானியமும் மரியாதையும் இருந்தவரை இந்த மிரட்டலுக்கு ஒரு எல்லை இருந்தது. தன் காவல் எல்லைக்குள் களவு போனால் காவல்காரருக்கே கைநஷ்டம், தலைக்குனிவு. மானியத்தைப் பிடுங்கியபோது எல்லையும் சேர்ந்து போய்விட்டது. கையில் வேலும் வளரியும் இருக்கின்றன. ராத்திரியில் நடக்கப் பழகிய கால் இருக்கிறது. ஆனால் அதற்கான பிழைப்பு சட்டப்படி இல்லை. காவல் பார்த்த கள்ளர்கள் குடியிருந்த, மேற்கே நாகமலைக்கு அப்பால் உசிலம்பட்டி, கருமாத்தூர், பாப்பாபட்டி என்று விரியும் பூமியோ வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோளமும் குதிரைவாலியும் கிடைக்கும். பெய்யாவிட்டால் அதுவும் கிடையாது.

இந்த நிலைமையில்தான் 1876ல் பருவமழை பொய்த்தது.

தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருக்கும் அந்தப் பஞ்சம் 1878 வரை நீண்டது. சென்னை மாகாணத்தில் மட்டும் பல லட்சம் பேர் செத்தார்கள். விலை ஏறுகிறது என்று தெரிந்ததும் தானியம் குதிருக்குள்ளும் கிட்டங்கிக்குள்ளும் பதுங்கியது. புதிதாகப் போட்ட ரயில் பாதையில் விலை அதிகம் கிடைக்கிற ஊருக்கு மூட்டைகள் போய்க்கொண்டிருந்தன. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் வெட்டிக் குறைத்த கூலி, நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும். ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் 450 கிராம் சொச்சம். நாள் முழுக்க மண் சுமக்கிற ஆளுக்கு அது போதாது என்று மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் எழுத்தில் எதிர்த்தார். சில மாதம் கழித்துத்தான் கூலி கொஞ்சம் ஏறியது.

அந்த இரண்டு வருஷத்தில் கொள்ளை எப்படிப் பெருகியது என்பதைப் போலீஸ் அறிக்கைகளே சொல்கின்றன. வழிமறித்து வண்டி மடக்குவது, சந்தைக்குப் போகிற தானியத்தைப் பறிப்பது, கிட்டங்கியை உடைப்பது. சிறைகள் நிரம்பின. 1860 முதல் 1940 வரையிலான சென்னை மாகாணக் கொள்ளைக் கணக்குகளை டேவிட் ஆர்னால்ட் என்ற வரலாற்றாசிரியர் ஆண்டாண்டாக வைத்துப் பார்த்து, 1979ல் ஒரு கட்டுரை எழுதினார். தானிய விலை ஏறும் ஆண்டுகளில் கூட்டுக்கொள்ளை ஏறுகிறது, விளைச்சல் நன்றாக இருந்து விலை இறங்கும் ஆண்டுகளில் கொள்ளையும் இறங்குகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. கொள்ளையடித்தவர்களில் தலைமுறையாகக் களவில் பழகியவர்களும் இருந்தார்கள். அதற்கு முன்பு அடுத்தவர் வீட்டுத் துரும்பைக்கூடத் தொடாத கூலிக்காரர்களும் இருந்தார்கள். பசிக்குச் சாதி இல்லை என்பது அதிகாரிகளின் சொந்தக் கணக்கிலேயே பதிவாகியிருந்தது. அவர்கள் அதை வாசித்த விதம்தான் வேறு.

1918ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போர் முடியும் தறுவாய். அரிசி விலையும் துணி விலையும் தாங்கமுடியாமல் ஏறிக் கிடந்தன. செப்டம்பரில் சென்னைப் பட்டணத்திலேயே ஜனங்கள் கடைகளை உடைத்து அரிசியையும் துணியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆலைத் தொழிலாளர்கள், கூலிக்காரர்கள், பெண்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பட்டணத்துக் கூலிக்காரர்கள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று அதற்காக யாரும் சட்டம் போடவில்லை. விலையைப் பற்றித்தான் பேசினார்கள், அரிசி வரத்தைப் பற்றித்தான் யோசித்தார்கள். அது சரியான யோசனை. அந்தச் சரியான யோசனை உசிலம்பட்டிப் பக்கம் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்பதற்குப் பதில் வேண்டுமானால் இருபது வருஷம் பின்னால் போகவேண்டும்.

1896ல் திண்டுக்கல் பக்கம் ஒரு எழுச்சி கிளம்பியது. அம்மையப்பக் கோன் என்பவர் தலைமையில் காவல் கொடுத்துச் சலித்துப்போன ஊர்கள் ஒன்றுசேர்ந்தன. ஊருக்கு ஊர் பண்டு என்று பணம் திரட்டினார்கள். களவுபோன மாட்டுக்குப் பண்டிலிருந்து ஈடு கொடுப்பது, இனி துப்புக்கூலி கொடுப்பதில்லை, கள்ளர் காவலே வேண்டாம் என்பது ஏற்பாடு. ஒருவிதத்தில் பார்த்தால் அரசு கைவிட்ட ஈட்டுப் பொறுப்பை ஊர்களே தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டன. மாடு பறிகொடுத்து நொந்த இடையர்களுக்கும் வேளாண் குடிகளுக்கும் அதில் இருந்த நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது அங்கே நிற்கவில்லை. பல ஊர்களில் கள்ளர் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். காவல் பார்த்தவர், பார்க்காதவர் என்று பிரிக்காமல் குடும்பம் குடும்பமாக விரட்டினார்கள். தலைமுறையாக அங்கே குடியிருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு வைகை தாண்டி வந்தார்கள். ஏற்கெனவே வறண்டு கிடந்த மேற்கு நாட்டின் தலையில் இன்னும் பல குடும்பங்களின் பாரம் விழுந்தது. கையில் தொழில் இல்லாதவர்களை ஓரிடத்தில் குவித்தால் என்ன நடக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அதே காலத்தில், அதே மதுரை மாவட்டத்தில், வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. பொறியாளர் பென்னிகுயிக் மேற்கே ஓடிய ஆற்றை மலைக்குள் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார். அந்தத் தண்ணீர் வைகையில் விழுந்து, பேரணையில் தடுக்கப்பட்டு, பிரதானக் கால்வாய் வழியாக மேலூர் வரை போனது. புதிதாகப் பாசனம் பெற்ற நிலம் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல்.

மேலூர் நாடும் கள்ளர் நாடுதான். 1767ல் கேப்டன் ரம்லியின் படை தீ வைத்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று குவித்தது அந்த மேலூர் வட்டாரத்தில்தான். கும்பினி ஆவணங்களில் ‘அடங்காத கள்ளர்’ என்று முதலில் பெயர் வாங்கியது அவர்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்களைவிட அவர்கள் சாதுக்கள் என்று சொல்ல வழியே இல்லை. கால்வாய் வந்து சில வருஷங்களுக்குள் அதே மேலூர்க்காரர்கள் நெல் நடவிலும் வரப்புத் தகராறிலும் மூழ்கிப்போனார்கள். இது அன்றைய அதிகாரிகளே ஒப்புக்கொண்ட விஷயம். வயலில் தண்ணீர் நிற்கிறபோது ராத்திரி மடை மாற்றப் போகிறவருக்கு அடுத்த ஊர்த் தொழுவத்தில் என்ன வேலை? ஒரே குலம், ஒரே குலதெய்வ வழக்கம், ஒரே ராத்திரிப் பழக்கம் கொண்ட இரண்டு நாடுகளில் ஒன்றுக்கு ஆறு திரும்பியது, மற்றதற்குத் திரும்பவில்லை. களவைக் குறைக்க எது உதவும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் அன்றைய அரசின் கையில் வேறு எதுவும் இருந்திருக்க முடியாது. அணையைக் கட்டியதும் அதே அரசுதான்.

உசிலம்பட்டி நாட்டுக்கு அந்த அரசு அனுப்பியது ரேகைப் புத்தகத்தை.

குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் 1871லேயே வந்தது. தச்சர் மகன் தச்சனாவதுபோலக் கள்வன் மகன் கள்வனாவான், சாதித் தொழில் என்பது இந்த நாட்டில் மாறாதது என்பதுதான் அதைக் கொண்டுவந்தவர்கள் வாதம். ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1911ல், திருத்திய வடிவில் அது சென்னை மாகாணத்துக்கு நீண்டது. 1914ல் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடி. அதன்பின் ஊர் ஊராகப் போய், 1918க்குள் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் பட்டியலுக்குள் வந்தது. பட்டணத்தில் அரிசிக் கடை உடைந்த அதே 1918.

(கீழக்குயில்குடியின் கதையைக் கற்பனை கலந்து பெரிதாக அறிய விரும்புகிறவர்கள் 2008ல் வந்த சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலைப் படிக்கலாம். அதில் தாதனூர் என்று வருகிற ஊரை அங்கே போனவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.)

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்று கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பதிவில் ஏறிய ஆண்கள் பத்து விரல் ரேகையையும் கொடுக்கவேண்டும். அதனால்தான் ஊரில் இதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். ராத்திரியானால் பலர் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்கவேண்டும். பேர் கூப்பிடும்போது குரல் கொடுக்கவேண்டும். வெளியூர் போவதானால் கிராம முன்சீப்பிடம் ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். எந்த ஊருக்கு, யார் வீட்டுக்கு, எத்தனை நாளுக்கு என்று அதில் எழுதியிருக்கும். போய்ச் சேர்ந்த ஊர் முன்சீப்பிடம் அதைக் காட்டவேண்டும். திரும்பி வந்ததும் ஒப்படைக்கவேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் களவு எதுவும் செய்யாமலே ஜெயில். பதிவில் உள்ளவர் சில குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது 7 வருஷம், மூன்றாம் முறை ஆயுள்முழுக்க நாடுகடத்தல் என்று சட்டத்தில் இருந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து சீர்திருத்தப் பள்ளியில் சேர்க்கவும் அதில் இடம் இருந்தது.

கல்யாணமான அன்று ராத்திரியும் மாப்பிள்ளை சாவடியில்தான் படுத்தார் என்று அந்தப் பக்கத்து ஊர்களில் இன்றும் சொல்வார்கள். அக்கா செத்த சேதி வந்தது, முன்சீப் ஊரில் இல்லை, சீட்டுக் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள் என்கிற கதைகளும் உண்டு. மானாவாரிப் பூமியில் இருக்கிற சொற்பக் கிணறுகளுக்கு இந்தச் சட்டம் என்ன செய்தது என்பதைத்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். கமலை கட்டி இறைக்கிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன் இறைத்தாக வேண்டும். வெள்ளி முளைக்கும்போதே மாட்டைப் பூட்டினால்தான் பொழுது கிளம்புவதற்குள் நாலு பாத்தி நனையும், மாடும் நுரை தள்ளாது. அந்த நேரத்தில் வீட்டு ஆண் சாவடித் திண்ணையில் பேர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறார். களவுக்குப் போகக்கூடாது என்று கட்டிப்போட்ட அதே கயிறு விவசாயத்துக்கும் போகவிடாமல் கட்டிப்போட்டது. சந்தைக்கு மாடு ஓட்டிப்போக, கதிர் அறுக்க அடுத்த தாலுகாவுக்குக் கூலிக்குப் போக, எல்லாவற்றுக்கும் சீட்டு. சீட்டு முன்சீப்பின் கையில். அதற்காக அவர் வீட்டில் விறகு பிளந்தவர்களும் வயலில் சும்மா உழைத்தவர்களும் எத்தனையோ பேர். நேர்மையாகப் பிழைக்கிற ஒவ்வொரு வழியிலும் ஒரு வாயிற்காவலர் உட்கார்ந்துகொண்டார்.

மக்கள் இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளவில்லை. மனுப் போட்டார்கள், ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்கப் போலீஸ் படையோடு வந்தார்கள். ஊர் திரண்டு மறித்தது. துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள் என்று ஊர் நினைவுச்சின்னம் சொல்கிறது. அவர்களில் ஒருவர் மாயக்காள். சுடுபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன அந்த அம்மாளைத் துப்பாக்கிமுனை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்பது ஊரின் வாய்மொழி. பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்தியே கொண்டுபோனார்கள் என்றும் சொல்வார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. பஞ்சாபுக்காகக் கொதித்த நாடு பெருங்காமநல்லூரை ஏறக்குறையக் கவனிக்கவே இல்லை. செத்தவர்கள் ஏற்கெனவே குற்றவாளிப் பட்டியலில் இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கவனித்தவர் ஒருவர் இருந்தார். மதுரையில் வக்கீல் தொழில் செய்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூர்க்காரர், லண்டனில் சட்டம் படித்தவர், மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர், பின்னாளில் வைக்கம் போராட்டத்திலும் நின்றவர். கள்ளர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார். கோட்டில் ரோஜாப்பூ குத்திக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. உசிலம்பட்டிப் பக்கம் அவரை ‘ரோசாப்பூத் துரை’ என்றே அழைத்தார்கள்.

பெருங்காமநல்லூருக்குப் பிறகு அரசு ரேகைப் புத்தகத்தை மூடவில்லை. ஆனால் அதோடு கூட இன்னொரு வேலையையும் தொடங்கியது. கள்ளர் சீரமைப்பு என்று அதற்குப் பெயர். கிணறு வெட்டக் கடன், கூட்டுறவுச் சங்கம், தேயிலைத் தோட்டங்களில் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், விடுதி, உதவித்தொகை. தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களே போலீஸ் கண்காணிப்பில் நடந்தன. சீர்திருத்தம் என்கிற அந்த எண்ணத்துக்குள்ளேயே இவர்கள் திருத்தப்பட வேண்டியவர்கள் என்ற இளக்காரம் இருந்தது உண்மை. இருந்தாலும் எழுத்து என்பது கொடுத்தவர் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. ரேகை வைத்த தகப்பனின் மகன் கையெழுத்துப் போட்டான். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் 290க்கு மேற்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இந்த நூற்றாண்டு வரை தொடர்ந்து வந்தன. அவற்றில் படித்து ஆசிரியரானவர்கள், போலீஸ்காரரானவர்கள், வக்கீலானவர்கள் ஏராளம்.

1920களில் கள்ளர் குற்றம் குறைந்துவிட்டது என்று போலீஸ் அறிக்கைகள் பெருமையோடு எழுதின. அந்தப் பெருமையைச் சட்டத்தின் கணக்கில்தான் வரவு வைத்தார்கள். ராத்திரி அடைத்து வைத்தவர் ராத்திரி களவுக்குப் போகமுடியாது என்பது உண்மைதான். ஊர் முழுவதையும் சிறையில் வைத்தாலும் அந்த ஊரில் களவு குறையும். களவு குறைந்தது அடைத்ததாலா, அல்லது அதே வருஷங்களில் வெட்டிய கிணற்றாலும் திறந்த பள்ளியாலுமா என்று கேட்டுப்பார்க்க அந்த அறிக்கைகள் முயலவே இல்லை. இந்தக் கேள்விக்கு மேலூர் பதில் சொல்கிறது. அங்கே சாவடியில் பேர் கூப்பிட்டு யாரையும் படுக்கவைக்காமலே காரியம் நடந்தது.

சட்டம் உசிலம்பட்டியோடு நிற்கவில்லை. 1924ல் நாடு முழுவதுக்கும் ஒரே சட்டமாகத் திருத்தி இறுக்கினார்கள். 1929ல் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் ஆப்பநாட்டு மறவர்கள்மேல் அது பாய்ந்தபோது முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் எதிர்ப்பைத் திரட்டினார். 1934ல் அபிராமத்தில் மாநாடு கூடியது. பொதுவுடைமைத் தலைவர்கள் ஜீவானந்தமும் பி. ராமமூர்த்தியும் இந்தப் போராட்டத்துக்குத் துணை நின்றார்கள். 1936ல் நெல்லூருக்கு வந்த நேரு இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கடைசியில் 1947ல் சென்னை மாகாணத்தில் அது ரத்தானது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31ல் ரத்தானது.

சென்னையில் ரத்தான கையோடு, 1948லேயே, வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று ஒன்றைச் சென்னை மாகாணம் கொண்டுவந்தது. இம்முறை சாதியின் பெயர் அதில் இல்லை. தனியாள்களை மட்டுமே பட்டியலிடலாம். ஆனால் யாரைச் சந்தேகப்படுவது என்று ஸ்டேஷனில் பழகிப்போன புத்தி சட்டத்தோடு சேர்ந்து ரத்தாகவில்லை. 1993ல் கடலூர் மாவட்டத்தில் நகைத் திருட்டுச் சந்தேகத்தில் போலீஸ் பிடித்துப்போன குறவர் ஒருவர் காவலிலேயே கொல்லப்பட்டார். அவர் மனைவி நடத்திய நீண்ட வழக்கில் வாதாடியவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. 2021ல் வந்த ‘ஜெய் பீம்’ படம் வழியாகத்தான் அந்த வழக்கு நம்மில் பலருக்குத் தெரியவந்தது. 2024 அக்டோபர் 3ல் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதைத் தடைசெய்தபோது, முன்பு குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்களை இஷ்டத்துக்குக் கைது செய்யக்கூடாது என்றும் சொல்லவேண்டியிருந்தது. சட்டம் ரத்தாகி 72 வருஷம் கழித்து.

உசிலம்பட்டிக்குத் தண்ணீர்? 1959ல் வைகை அணை திறந்தது. அதன் உபரித் தண்ணீரை மேற்கு நாட்டுக் கண்மாய்களுக்குக் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய்க்காக அந்த வட்டாரத்து மக்கள் மறியல், உண்ணாவிரதம், கடையடைப்பு என்று பல பத்தாண்டு போராடினார்கள். 2018ல்தான் அதில் சோதனைக்காகத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். இப்போதும் அணையில் நீர்மட்டம் நன்றாக உயர்ந்தால்தான் அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர். ஒவ்வொரு வருஷமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கடலூரில் கொல்லப்பட்டவரின் சமூகத்துக்கும் இதேபோல் ஒரு பழைய பிழைப்பு இருந்தது. கழுதை மேலும் பொதிமாட்டு மேலும் உப்பு ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போய்த் தானியத்துக்கு மாற்றி வந்தவர்கள் குறவர்கள். உப்பு அரசின் ஏகபோகமானது. உப்பு மூட்டைகள் ரயில் ஏறின. 1882ல் வந்த சென்னை வனச் சட்டம் மூங்கிலையும் ஈச்ச ஓலையையும் மேய்ச்சலையும் அடைத்தது. மூன்று வழியும் அடைபட்டவர்களைப் பிடித்து, ரட்சணிய சேனையின் (சால்வேஷன் ஆர்மி) கையில் ஒப்படைத்து, குண்டூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில் வைத்தது அரசு. அதன் பெயர் ஸ்டூவர்ட்புரம். அந்த வட்டாரத்துச் சீராலாவில் ஒரு புகையிலைத் தொழிற்சாலைக்கு ஆள் தேவைப்பட்டதும் இந்தக் கதையில் வருகிறது. அதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)